எளிய வாழ்வு எந்தத் தேசத்தில் இருக்கிறது?



அந்நிய தேசம் போகிறவர்கள் எதற்காகப் போகிறார்கள் என்று கேட்டால், நம் ஊரில் சிறு பிள்ளையும் பதில் சொல்லிவிடும். சம்பாதிக்கப் போகிறார்கள். வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும் அமெரிக்காவுக்கும் நம் பிள்ளைகள் போனது அதற்காகத்தான். கடன் தீர, வீடு கட்ட, தங்கையைக் கரையேற்றப் போனார்கள். அதில் மறைக்க ஒன்றும் இல்லை.

ஆனால் இப்போது வேறொரு விதமான பிரயாணத்தைப் பற்றியும் கேள்விப்படுகிறோம். கை நிறையச் சம்பாதித்தவர்கள் சிலர், உத்தியோகத்தை விட்டு, பெரிய வீட்டை விற்று, மேற்கிந்தியத் தீவுகள் பக்கம் ஏதோ ஒரு சின்ன நாட்டுக்குப் போய்க் குடியேறுகிறார்கள். அங்கே கடற்கரையோரம் ஒரு சிறு வீடு, கொல்லையில் நாலு வாழை, பிடித்த மீன், பறித்த காய், அவசரமில்லாத நாட்கள். “இனி எளிமையாக வாழப் போகிறோம்” என்று சொல்லிப் போகிறார்கள். இப்படிப் போகிறவர்களில் பெரும்பாலோர் வெள்ளைக்கார தேசத்தார். என்றாலும் இந்த எண்ணம் இப்போது நம் வீட்டுப் பிள்ளைகளின் வாயிலும் வருகிறது. “இந்த ஓட்டம் போதும் அம்மா, எங்கேயாவது அமைதியான இடத்துக்குப் போய்விடலாம் என்றிருக்கிறது” என்று தொலைபேசியில் சொல்லும் மகன் இல்லாத குடும்பம் இன்று குறைவு.

இந்த எண்ணம் நல்லதா, கெட்டதா? இதைப் புண்ணியம் என்பதா, தப்பித்து ஓடுதல் என்பதா? இந்த வாரம் இதைச் சேர்ந்து யோசித்துப் பார்ப்போம்.

முதலில் நியாயத்தைச் சொல்வோம்

இந்த ஆசையைப் பரிகசிக்கக் கூடாது. போதும் என்று ஒரு மனுஷன் சொல்வது லேசான காரியமா? அதிகம் வேண்டும், இன்னும் அதிகம் வேண்டும் என்று உலகமே கூவுகிற காலத்தில், “எனக்கு இது போதும்” என்று ஒருவன் நின்றுவிட்டால் அதில் ஏதோ நன்மை இருக்கத்தான் செய்கிறது. நம் திருச்சபையின் சரித்திரத்திலும் இந்த ஆசை புதிதன்று. மூன்றாம் நூற்றாண்டில் எகிப்து தேசத்து அர்ச். வனத்து அந்தோணியார் தம் நிலபுலன்களை விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு வனாந்தரம் சென்றார். அர்ச். பிராஞ்சீஸ்கு அசிசியார் துணி வியாபாரியான தந்தையின் செல்வத்தை உதறினார். ஆஸ்தியை விற்றுக் கொடுத்துவிட்டுத் தம் பின்னே வரும்படி செல்வந்தனான வாலிபனிடம் நம் ஆண்டவர் சொன்னதை நாம் எத்தனையோ முறை பூசையில் கேட்டிருக்கிறோம்.

ஆகையால் எளிமையை விரும்புவது குற்றமாகாது. ஒரு பட்டணத்தை விட்டு வேறு இடம் போவதும் குற்றமாகாது. திருக்குடும்பமே பாலனின் உயிரைக் காக்க எகிப்து தேசத்துக்குப் போயிற்று. கேள்வி வேறு. எளிமை என்று நாம் எதைச் சொல்கிறோம்? அது இடத்தில் இருக்கிறதா, மனுஷனிடத்தில் இருக்கிறதா? நாம் எளிமையாக வாழ்வதற்கு வேறு யாராவது விலை கொடுக்கிறார்களா?

அந்தத் தீவுகளுக்கு முந்திப் போன தமிழர்

அந்தத் தீவுகளின் பெயரைக் கேட்டதும் தென்னையும் நீலக் கடலும் சிலருக்கு நினைவு வரும். தமிழனுக்கு வேறொன்றும் நினைவு வரவேண்டும்.

பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் அடிமை முறை 1848இல் ஒழிக்கப்பட்டது. விடுதலையான ஜனங்கள் பழைய துரைமாரின் கரும்புத் தோட்டங்களில் பழையபடி உழைக்க மனமில்லாமல் விலகினார்கள். அவர்கள் இடத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. ஆகவே பாண்டிச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து தமிழர்களைக் கப்பல் ஏற்றினார்கள். அவுரேலி என்ற கப்பல் 1853 மே மாதம் மார்த்தினிக் தீவையும், 1854 டிசம்பர் 24ஆம் தேதி, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், குவாதலூப் தீவையும் அடைந்தது. பின் வந்த முப்பது முப்பத்தைந்து வருஷங்களில் குவாதலூப்புக்குச் சுமார் 42,000 பேரும், மார்த்தினிக்குக்குச் சுமார் 25,000 பேரும் இந்தியாவிலிருந்து போனார்கள். பிரிட்டிஷ் கயானாவுக்கு 1838லும், டிரினிடாடுக்கு 1845லும் இதே விதமான கப்பல்கள் போகத் தொடங்கியிருந்தன. இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை அனுப்பும் வழக்கம் 1917இல்தான் நின்றது.

ஐந்து வருஷ ஒப்பந்தம். மாதக் கணக்கில் கடல் பிரயாணம். தோட்டத்துக் குடிசை, அளந்து கொடுத்த அரிசி, வெயிலில் கரும்பு வெட்டு. ஒப்பந்தம் முடிந்தால் திரும்பக் கொண்டுவந்து விடுவதாகச் சொன்னார்கள். ஆனால் குவாதலூப் போனவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பவில்லை. பலர் அங்கேயே மாண்டார்கள். பிழைத்தவர்களின் சந்ததியார் இன்றும் அங்கே இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஞானஸ்நானம் பெற்றுக் கத்தோலிக்கரானார்கள். மாரியம்மன் பெயரையும் மறக்கவில்லை. ராமசாமி, வீரப்பன் என்ற பெயர்கள் பிரெஞ்சு எழுத்தில் உருமாறி அங்கே குடும்பப் பெயர்களாக வழங்குகின்றன. அங்கே பிறந்தும் அந்நியராகவே நடத்தப்பட்ட இந்த ஜனங்களுக்குக் குடியுரிமையும் வாக்குரிமையும் வேண்டும் என்று ஆன்றி சிதம்பரம் என்பவர் 1904 முதல் 1923 வரை வழக்காடினார்.

இப்போது யோசித்துப் பாருங்கள். குடிசை, கொல்லையில் காய், சொற்ப ஆகாரம், கையில் காசில்லாத வாழ்வு. இன்று செல்வந்தர்கள் தேடிப் போகும் “எளிய வாழ்வின்” அடையாளங்கள் எல்லாம் அந்தத் தமிழர்களிடம் இருந்தன. அவர்கள் வாழ்ந்ததை எளிமை என்று யாராவது சொல்வார்களா? மாட்டார்கள். அது தரித்திரம். வேண்டாம் என்று சொல்லக்கூடிய சக்தி உள்ளவன் வேண்டாம் என்று சொல்வது எளிமை. அந்தச் சக்தியே இல்லாதவன் மேல் சுமத்தப்படுவது தரித்திரம். பார்வைக்கு இரண்டும் ஒரே உடை உடுத்தியிருக்கும். உள்ளே இரண்டும் ஒன்றுக்கொன்று தூரம்.

இதை நாம் நம் ஊரிலேயே நினைவில் வைக்க வேண்டும். தென்காசி வட்டாரத்து வீடுகளில் சுளகை மடியில் வைத்து, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலிக்குச் சுற்றும் பெண்களிடம் போய், எளிய வாழ்வு எவ்வளவு அழகானது என்று பிரசங்கம் செய்யக் கூடாது. அவர்களுக்கு வேண்டியது நியாயமான கூலி. எளிமையைப் பற்றிய புத்திமதி, இருக்கிறவனுக்கே உரியது.

எளிமைக்கு ஒரு நுழைவுக் கட்டணம்

இன்று அந்தத் தீவுகளில் குடியேறுவது எப்படி? பார்படோஸ் அரசு 2020இல் ஒரு ஏற்பாடு செய்தது. வெளிநாட்டு வேலையை அங்கிருந்தபடியே செய்துகொண்டு ஒரு வருஷம் தங்கலாம். ஆனால் வருஷத்துக்கு 50,000 அமெரிக்க டாலர் வருமானம் இருக்க வேண்டும். டொமினிக்கா என்ற சிறு தீவு 1993 முதல் முதலீடு செய்கிறவர்களுக்குக் குடியுரிமை கொடுத்துவருகிறது. 2024 முதல் அதற்குக் குறைந்தது 2,00,000 டாலர் வேண்டும். அந்த அரசுகளைக் குறை சொல்ல வேண்டியதில்லை. கரும்பும் வாழையும் முன்போல் சோறு போடாத சின்னத் தீவுகள் வேறு எப்படிப் பிழைக்கும்? நாம் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: எளிய வாழ்வு என்று சொல்லப்படும் இடத்துக்குள் நுழைய ஒரு பணக்காரனின் கணக்குப் புத்தகம் தேவைப்படுகிறது.

அவன் அங்கே எளிமையாக வாழ்வதாக நினைக்கிறான். தன் ஊரில் செலவழித்ததில் பாதிதான் செலவழிக்கிறான். உண்மை. ஆனால் தோட்டக்காரன், சமையற்காரி, படகுக்காரன் ஆகியோரின் கூலி அங்கே குறைவாக இருப்பதனால்தானே அவன் பாதிச் செலவில் வாழ முடிகிறது? பத்துப் பேர் அப்படி வந்து இடம் வாங்கினால் கடற்கரை நிலத்தின் விலை ஏறும். அங்கே பிறந்த மீனவன் மகன் தன் தகப்பனார் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மனை வாங்க முடியாமல் மலைப்பக்கம் போவான். யாருக்கும் கெடுதல் நினைக்காத ஒரு நல்ல மனுஷனின் எளிமை, அவனுக்குத் தெரியாமலே, இன்னொருவனைத் தரித்திரத்துக்குள் தள்ளக் கூடும்.

2017 செப்டம்பரில் மரியா என்ற பெரும் புயல் அதே டொமினிக்காவை அடித்தது. வீட்டுக் கூரைகளில் பெரும்பாலானவை பறந்தன. அந்தத் தேசம் இரண்டு வருஷம் பாடுபட்டு ஈட்டும் மொத்த வருமானத்தைக் காட்டிலும் அதிகமான நஷ்டம் ஒரே இரவில் வந்தது. இப்படிப்பட்ட நாளில், வேறு தேசத்தில் வீடும் வங்கியில் பணமும் உள்ளவன் அடுத்த விமானத்தைப் பற்றி யோசிக்கலாம். மற்றவன் தகரத்தைப் பொறுக்கிக் கூரை வேயத் தொடங்க வேண்டும். எளிமையாக வாழ்கிறவன் யார், எளிமையைப் பார்த்துவிட்டுப் போக வந்தவன் யார் என்பது அப்போது தெரிந்துவிடும்.

நம்மையும் தேடி வருகிறார்கள்

இதெல்லாம் எங்கோ ஏழு கடலுக்கு அப்பால் என்று நினைத்துவிட வேண்டாம். தென்காசியிலும் குற்றாலத்திலும் குடியிருக்கும் நமக்கு இது நன்றாக விளங்கும். நாமே மற்றவர்களுக்கு அப்படிப்பட்ட ஒரு “தீவு”.

ஆனி ஆடியில் சாரல் விழுந்தால் போதும். சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் ஜனங்கள் வந்துவிடுகிறார்கள். பேரருவியிலும் ஐந்தருவியிலும் தலையைக் கொடுத்து நிற்கிறார்கள். “ஆகா, இந்த ஊர்க்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள்! கவலையில்லாத வாழ்வு!” என்று சொல்லிப் போகிறார்கள். அவர்கள் பார்ப்பது அருவி. சீசன் மூன்று மாதம் விற்றதை வைத்துப் பன்னிரண்டு மாதம் ஓட்ட வேண்டிய பழக்கடைக்காரரை அவர்கள் பார்ப்பதில்லை. தண்ணீர் விழாத வருஷத்தில் எண்ணெய் தேய்த்துவிடும் தொழிலாளி என்ன செய்வார் என்று கேட்பதில்லை. அவர்கள் கெட்டவர்களா? இல்லை. விருந்தாளிகள். விருந்தாளியின் கண்ணுக்குத் தெரியும் எளிமை ஒன்று. வீட்டுக்காரனின் தோளில் இருப்பது வேறொன்று.

வந்து தங்கினவர்களும் உண்டு. வக்கீலாயிருந்து, அறநிலையத் துறைக் கமிஷனராயும் இருந்த ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் (1882–1954) தம் கடைசிக் காலத்தைக் குற்றாலத்தில் கழித்தார். ராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடி வந்தார்கள். அவர் தமிழை ரசிக்கக் கற்றுக்கொடுத்தது இந்த ஊருக்குப் பெருமையாயிற்று.

நம் காலத்தில் மத்தளம்பாறையை எல்லோரும் அறிவார்கள். சோஹோ என்ற மென்பொருள் நிறுவனம் 2011இல் தென்காசிப் பக்கம் ஒரு சிறு அலுவலகம் திறந்தது. அதை நிறுவியவர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு 2019இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவை விட்டு மத்தளம்பாறைக்கே குடிவந்தார். அவர் வேட்டி கட்டிச் சைக்கிளில் போவதைப் பத்திரிகைகள் படம் பிடித்துப் போட்டன. 2021இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பெருஞ்செல்வர் ஒருவரின் மனதை நிறுத்துப் பார்க்க நமக்கு அதிகாரமில்லை. ஆனால் இந்தச் செய்தியிலிருந்து நாம் படிக்கவேண்டிய பாடம் சைக்கிளில் இல்லை, வேலையில் இருக்கிறது. சென்னைக்கும் பெங்களூருக்கும் போயிருக்க வேண்டிய பிள்ளைகள் சிலர் தாய் தகப்பன் கையால் சாப்பிட்டுக்கொண்டே இங்கே வேலை பார்க்கிறார்கள். ஒருவர் ஓரிடத்தில் வந்து குடியேறினால், அவர் எப்படி வாழ்கிறார் என்பதோடு நின்றுவிடாமல், அவர் வந்ததனால் அக்கம்பக்கத்தார் எப்படி வாழ்கிறார்கள் என்றும் கேட்க வேண்டும்.

மூன்று உரைகல்

பொன்னை உரைத்துப் பார்ப்பதுபோல எளிமையையும் உரைத்துப் பார்க்க மூன்று கேள்விகள் சொல்லலாம்.

முதற் கேள்வி: யாருக்காக? அர்ச். அருளானந்தரை எடுத்துக்கொள்வோம். 1647இல் லிஸ்பன் நகரில் பிறந்தவர். சிறு வயதில் போர்த்துக்கல் அரண்மனையில் இளவரசனோடு வளர்ந்தவர். அவர் 1673இல் கப்பலேறி மதுரை மிஷனுக்கு வந்தார். காவி உடுத்தி, மாமிசம் விலக்கி, பண்டார சுவாமி கோலத்தில் மறவ நாட்டில் நடந்தார். ஏன் பண்டார கோலம்? பிராமண சந்நியாசி வேஷம் போட்டவர்கள் தாழ்த்தப்பட்ட ஜனங்களோடு தாராளமாய்ப் பழக முடியாத காலம் அது. பண்டார சுவாமிகள் எல்லா ஜாதியாரோடும் பழகலாம். ஆகவே அவருடைய எளிமை ஒரு கதவாயிற்று. அதன் வழியே ஜனங்கள் உள்ளே வந்தார்கள். தன் மன அமைதிக்காக மட்டும் எளிமையாயிருப்பவன் வீட்டில் அந்தக் கதவு பெரும்பாலும் சாத்தியிருக்கும்.

இரண்டாம் கேள்வி: திரும்பும் சீட்டு எங்கே? அருளானந்தர் சித்திரவதைப்பட்டு, பின் 1687இல் ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டார். பழைய தோழர் அப்போது ராஜாவாக இருந்தார். அங்கேயே இருந்துவிடும்படி வற்புறுத்தினார்கள். அவர் 1690இல் திரும்பி வந்தார். 1693 பிப்ரவரி 4ஆம் தேதி ஓரியூரில் தலை வெட்டுண்டார். திரும்பிப் போகும் சீட்டு அவர் கையில் இருந்தது. அதை நம் பக்கத்துக்கு உபயோகித்தார். நம் காலத்துக்குச் சமீபத்திலும் ஓர் உதாரணம் உண்டு. பிரான்சு தேசத்து ஆசீர்வாதப்பர் சபைத் துறவி ஆன்றி லெ சோ 1948இல் தமிழ்நாடு வந்து, 1950இல் மோன்ஷானேன் சுவாமியாருடன் குளித்தலைப் பக்கம் காவேரிக் கரையில் சாந்திவனத்தைத் தொடங்கினார். அபிஷிக்தானந்தர் என்று பெயர் பெற்ற அவர் 1973இல் இந்தூரில் மரித்தார். இடையில் ஒரு முறைகூட அவர் பிறந்த தேசம் திரும்பவில்லை. எல்லாரும் அப்படி இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் ஓர் ஊரின் பஞ்சம் வந்தால் போய்விடுகிறவன் அந்த ஊரின் எளிமையில் பங்காளியல்லன், பார்வையாளன்.

மூன்றாம் கேள்வி: அயலான் உனக்குத் தேவையா? இதற்கு அர்ச். சார்லஸ் தெ பூக்கோ வாழ்விலிருந்து ஒரு சம்பவம். அவர் பிரெஞ்சுப் பட்டாள அதிகாரியாயிருந்து மனந்திரும்பினவர். துறவிமடத்தில் சேர்ந்தார், அங்கே இருந்த தரித்திரம் போதாது என்று வெளியேறி, நசரேத்தூரில் கன்னியர் மடத்தில் வேலைக்காரராக இருந்தார். பின் சகாரா பாலைவனத்தில் தாமன்ராசெத் என்ற இடத்தில் துவாரெக் ஜனங்கள் நடுவே குடிசை போட்டார். அவர்களுக்குக் கொடுக்கவே வந்தவர். 1908 தொடக்கத்தில், பஞ்ச காலத்தில், கையிலிருந்ததையெல்லாம் கொடுத்துவிட்டு அவரே சாகும் தறுவாயில் கிடந்தார். அப்போது அந்த ஏழை ஜனங்கள், வறட்சியில் வற்றிப்போன ஆடுகளில் அங்கங்கே கிடைத்த பாலைக் கறந்து சேர்த்துக் கொண்டுவந்து அவரைப் பிழைக்க வைத்தார்கள். அதுவரை அவர் அவர்களுக்கு உபகாரி. அன்று முதல் அவர்களுக்கு உறவு.

இந்த மூன்றாம் கேள்வியே எல்லாவற்றிலும் ஆழமானது என்று தோன்றுகிறது. பணம் என்பது என்ன? அயலானின் தயவு இல்லாமல் வாழ உதவும் கருவி. கைமாற்றுக் கேட்க வேண்டாம், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொல்ல வேண்டாம், எல்லாவற்றுக்கும் கூலி கொடுத்துவிடலாம். ஒருவன் சாமான்களை மட்டும் குறைத்துக்கொண்டு, யார் தயவும் வேண்டாம் என்ற நிலையை அப்படியே வைத்துக்கொண்டால், அவன் இன்னும் பணக்காரன்தான். வீடு மட்டும் சின்னது. எளிமை என்பது ஒருவருக்கொருவர் வேண்டியவர்களாக ஆவது.

ஒரு ஆட்சேபணை

“எல்லாம் சரி, இங்கேயே எளிமையாக இருக்கலாம் என்கிறீர்கள். இங்கே இருக்க விடுகிறார்களா?” என்று ஒருவர் கேட்கலாம். இது நியாயமான கேள்வி. நழுவாமல் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

நம் ஊரில் எளிமையாக இருப்பது கஷ்டம் என்பது உண்மைதான். மகளுக்கு இத்தனை சவரன் போடவில்லை என்றால் சம்பந்திக்கு முன் தலை நிமிர முடியாது. மகனின் புதுநன்மைக்குப் பந்தி வைக்காவிட்டால் “என்ன, கையிலே இல்லையோ?” என்பார்கள். பழைய ஸ்கூட்டரில் போனால் உத்தியோகம் போய்விட்டதா என்று விசாரிப்பார்கள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. தூர தேசத்தில் இந்தத் தொந்தரவு இல்லை. அங்கே உன் தகப்பனார் பெயர் யாருக்கும் தெரியாது. நீ கிழிந்த சட்டை போட்டாலும் ஒருவரும் கேட்கமாட்டார்கள். பிள்ளைகள் எங்காவது போய்விடலாம் என்று ஏங்குவதற்குப் பாதிக் காரணம் வேலையின் பாரம். மீதிப் பாதி நம் கண்கள். இதைப் பெற்றோராகிய நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் இதிலிருந்தே மற்றொன்றும் தெரிகிறது. ஒருவரும் நம்மை அறியாத இடத்தில் எளிமையாயிருக்க மானம் செலவாவதில்லை. நம்மை அறிந்தவர்கள் நடுவில் எளிமையாயிருக்க மானத்தைக் கொடுக்க வேண்டும். சாமானை விடுவது சுலபம், மதிப்பை விடுவதுதான் கடினம். அதை விட்டவர்களையே நம் திருச்சபை பீடத்தில் ஏற்றுகிறது.

2022 மே 15ஆம் தேதி உரோமையில் பிரான்சிஸ் பாப்பரசர் பத்துப் பேரை அர்ச்சியசிஷ்டர்களாகப் பிரகடனம் செய்தார். அவர்களில் ஒருவர் மேலே சொன்ன சார்லஸ் தெ பூக்கோ. மற்றொருவர் நம் தேவசகாயம் பிள்ளை. 1712இல் நட்டாலத்தில் பிறந்து, திருவிதாங்கூர் அரண்மனை உத்தியோகத்தில் இருந்து, 1745இல் நம் பக்கத்து வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று, 1752 ஜனவரி 14ஆம் தேதி காற்றாடி மலையில் சுடப்பட்டு மரித்தவர். ஒருவர் எளிமையைத் தேடிக் கடலும் பாலைவனமும் கடந்தார். மற்றவர் கடல் கடக்கவில்லை. தம்மை அறிந்த ஜனங்கள் நடுவிலேயே, உயர்ந்த ஜாதி என்ற மதிப்பை விட்டு, எல்லாரையும் சமமாகப் பாவித்தார். எருமையின் மேல் ஏற்றி ஊர் ஊராக அவமானப்படுத்தினார்கள். அவரைப் பெயர் சொல்லித் தெரிந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திருச்சபை இருவரையும் ஒரே நாளில், ஒரே பூசையில் உயர்த்திற்று. தூரம் போவதும் உள்ளூரில் இருப்பதும் சர்வேசுரன் தராசில் எடை இல்லாதவை என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

வீட்டிலிருந்து தொடங்குவோம்

ஆகையால், போக விரும்பும் மகனைத் தடுக்க வேண்டும் என்று இந்தப் பக்கம் சொல்லவில்லை. அவனிடம் மூன்று கேள்விகளையும் அன்போடு கேளுங்கள். நான்காம் கற்பனையையும் மெதுவாக நினைவூட்டுங்கள்: அமைதியான இடம் என்று நீ தேடும் இடத்தில், உன் வயதான தாய்க்கு மருந்து வாங்கிக் கொடுப்பவர் யார்? அவளைக் காக்கும் கடமையைப் பக்கத்து வீட்டுக்காரி மேல் வைத்துவிட்டு வாழும் எளிமைக்கும், தோட்டக்காரன் கூலியில் வாழும் எளிமைக்கும் அதிக வித்தியாசம் இல்லை.

அதோடு நாமும் நம் பங்கைச் செய்ய வேண்டும். வீட்டில் எளிமைக்கு இடம் இருந்தால் பிள்ளைகள் அதைத் தேடிக் கடல் கடக்க வேண்டியதில்லை. அடுத்த கல்யாணப் பேச்சில் “எங்களுக்கு நகை வேண்டாம்” என்று மாப்பிள்ளை வீட்டார் முதலில் சொல்லட்டும். பெண் வீட்டார் சொன்னால் அது இல்லாமையாகத் தோன்றும். புதுநன்மைப் பந்தியை ஒரு கறியோடு நிறுத்தி, மிஞ்சிய பணத்தை அந்தத் தெருவில் பீடி சுற்றும் வீட்டுப் பிள்ளையின் பள்ளிச் செலவுக்குக் கொடுங்கள். யார் கொடுத்தது என்று தெரிய வேண்டாம். பக்கத்து வீட்டில் ஒரு பிடி கறிவேப்பிலை, ஒரு கைமாற்றுக் கேட்க வெட்கப்படாதீர்கள். கேட்பதும் ஒரு கொடைதான். கேட்கப்படுகிறவருக்கு அது கௌரவம் தருகிறது. இன்னொருவர் எளிமையாக ஒரு காரியத்தைச் செய்தால், “கையிலே இல்லையோ?” என்று கேட்கும் நாவை அடக்குங்கள். அந்த ஒரு கேள்வி நம் ஊரில் எத்தனை பேரைக் கடனாளியாக்கிற்று, எத்தனை பேரைத் தூர தேசம் துரத்திற்று என்று சர்வேசுரனுக்குத் தெரியும்.

நம் ஆண்டவர் பூமியில் வாழ்ந்த காலத்தில் பெரும்பகுதியை நசரேத்தூர் என்ற சின்ன ஊரில், தச்சுத் தொழில் செய்து, தம்மைச் சிறு வயதுமுதல் அறிந்தவர்கள் நடுவிலே கழித்தார். அவர் பிரசங்கிக்கத் தொடங்கியபோது, தச்சன் மகன்தானே என்று ஏளனம் செய்தவர்களும் அந்த ஊர்க்காரர்களே. அந்த ஊரையும் அந்த அயலாரையும் அவர் தமக்குத் தகாதவை என்று நினைக்கவில்லை. நம் தெருவும் நம் அயலாரும் நமக்குத் தகாதவையாகுமோ?